கழுத்தில் இருந்த கோடு

அந்தத் தெருவில் கண் டாக்டர் என்று கேட்டால்தான் அவரைத் தெரியும். படித்தது என்னவோ பள்ளிக்கூடத்தோடு சரி. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்வது அவர் வேலை. குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களில் யாராவது ஒருவர் கண்ணை மூடாமல் இருக்க மாட்டார். அதனால் எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்தி மளமளவென்று பல படங்களை எடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு படத்திலிருந்து மாமாவின் கண், இன்னொன்றிலிருந்து சித்தியின் சிரிப்பு, வேறொன்றிலிருந்து அழாத குழந்தை என்று எடுத்து ஒட்டி, அத்தனை பேரும் ஒரே நொடியில் ஒழுங்காக நின்றதுபோல ஆக்கிக் கொடுப்பார்.

மூடின கண்ணைத் திறந்து வைக்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று எதிர்த்த டீக்கடைக்காரர் ஆரம்பித்து வைத்தது அப்படியே நின்றுவிட்டது. ஒரு தடவை ஒரு வயதான அம்மா, கண்ணில் நீர் வடிகிறது, சொட்டு மருந்து கொடுங்கள் என்று கடைக்கே வந்துவிட்டார். இவர் அவரை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி, பேருந்திலும் ஏற்றிவிட்டு வந்தார். ஸ்டூடியோ முதலாளி அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவருக்கு மட்டும் அந்த அம்மாவை ஏமாற்றி அனுப்பியதுபோல ஒரு உறுத்தல்.

அவர் அதிகம் பேச மாட்டார். கடை விட்டால் வீடு. வீட்டில் அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் பேச்சையும் சேர்த்து அந்த அம்மாளே பேசிவிடுவார் என்று உறவுக்காரர்கள் கேலி பேசுவது உண்டு. கண் டாக்டருக்கென்று இருந்த ஒரே ஆசை, முதலாளி கழித்துப்போட்ட பழைய கேமராவை எடுத்துக்கொண்டு அணிலோ கீரியோ கூட்டமாக எங்கே வரும் என்று தேடிப் போவது. அதிலும் தொழில் புத்தி விடவில்லை. தனியாக நிற்கிற ஒரு பிராணியைப் படம் எடுக்க அவருக்குக் கை வராது. நாலைந்தாவது சேர்ந்து நிற்க வேண்டும். எல்லாம் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

நீர்நாய்களை அவர் பார்த்தது தற்செயலாக. ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் குடிநீர் நிலையத்தில் யாரோ ஓய்வு பெற்றார்கள் என்று எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுக்கப் போயிருந்தார். நாற்காலி போட்டு, உயரப்படி வரிசை கட்டி, எல்லாம் முடிந்து கேமராவைப் பைக்குள் வைக்கும்போது பின்பக்கமிருந்து விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. நிலையத்தின் பின்னால், தண்ணீரின் வண்டல் அடியில் படியத் தேக்கிவைக்கும் ஒரு குளம். அதன் சிமெண்டுச் சரிவில் ஈரத்தோடு பளபளவென்று ஆறு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன. இவர் அசையாமல் நின்றுவிட்டார்.

"என்ன டாக்டரே, நம்ம குடும்பத்தையும் ஒரு போட்டோ பிடிக்கணுமா?" என்றார் பக்கத்தில் வந்து நின்ற பம்ப் ஆபரேட்டர். ராத்திரி முறை பார்த்துவிட்டுக் காலையில் வீட்டுக்குப் போகிற மனிதர். மனைவி காலமான பிறகு வீட்டுக்குப் போவதில் அவருக்கு அவ்வளவு அவசரம் இருப்பதில்லை. தாய்க்குப் பெரிசு என்றும், கடைசிக் குட்டிக்குப் பொடிசு என்றும் அவர்தான் பெயர் வைத்திருந்தார். மற்ற நாலுக்கும் பெயர் இல்லை. அதுங்க சேட்டை தாங்காது, பெயர் ஒண்ணுதான் குறைச்சல் என்பார்.

அன்றிலிருந்து விடியும் நேரத்தில் குடிநீர் நிலையத்தின் பின்கேட்டில் சைக்கிள் மணி கேட்கும். ஆபரேட்டர் திறந்துவிடுவார். கண் டாக்டர் சரிவுக்கு எதிர்க்கரையில், காய்ந்த நாணலுக்கு நடுவில் கேமரா முக்காலியைத் தாழ வைத்து, மண்ணில் மண்டி போட்டு உட்காருவார்.

மனிதர்களைக் கூட்டமாக எடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு கஷ்டம். மனிதர்களிடம் இந்தப் பக்கம் பாருங்கள் என்று சொல்லலாம். நீர்நாய்க்கு யார் சொல்வது? ஒன்று தலையைத் தூக்கினால் ஒன்று மீனில் முகத்தைப் புதைத்திருக்கும். முன்னால் இருப்பதற்கு ஃபோகஸ் வைத்தால் பின்னால் இருப்பது பஞ்சுபோல மங்கிவிடும். எல்லாம் சேர்ந்து நிமிரும்போது வெளிச்சம் போதாது. வெளிச்சம் வரும்போது அதுகள் தண்ணீருக்குள் போய்விடும். அவர் அசரவில்லை. முக்காலியை இம்மிகூட நகர்த்தாமல் விரலை மட்டும் அழுத்திக்கொண்டே இருப்பார். பல காலைகளில் எடுத்ததெல்லாம் சேர்ந்து ஒரு படம் ஆகும் என்பது அவர் கணக்கு.

மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் அந்தப் படங்களை விரித்துக்கொள்வார். நன்றாக விழுந்த தலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் உடம்பில் பொருத்துவார். நிழலில் இருப்பதற்கு வெளிச்சம் ஏற்றுவார். மங்கலில் விழும் மணல் மணலான புள்ளிகளைத் துடைப்பார், ஆனால் மீசை மயிர் ஒன்றுகூட மழுங்கக் கூடாது. சரிவில் கிடக்கும் பிளாஸ்டிக் பை, மீன் முள், யாரோ துப்பிய கறை எல்லாவற்றையும் பக்கத்துச் சிமெண்டை எடுத்து மேலே பூசி மறைப்பார். கல்யாண வீட்டாரின் சட்டையில் ஒட்டிய நூலை எடுக்கிற அதே கைதான். கண் சொல்வதற்கு முன்னாலேயே கை போய் எடுத்துவிடும்.

படம் முடிந்தால் அதற்காக எடுத்த மற்றவை எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அது கடைப் பழக்கம். கம்ப்யூட்டரில் எப்போதும் இடம் இருக்காது. வாடிக்கையாளர் சரி என்று தலையாட்டிய நிமிடமே மூடின கண்களெல்லாம் குப்பைக்குப் போய்விடும். தன் படங்களுக்கும் அவர் அதே வழக்கத்தையே வைத்திருந்தார்.

அப்படி உழைத்து ஒருநாள் அந்தப் படம் வந்தது. ஆறும் வரிசையாகச் சரிவில். ஆறும் நேராகப் பார்க்கின்றன. பொடிசு முன்னால், ஈர மூக்கில் ஒரு பொட்டு வெளிச்சம். குடிநீர் நிலையத்து இன்ஜினியர் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். நம் குளத்துத் தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்பதற்கு இதைவிடச் சாட்சி எது என்று, பெரிதாகப் போட்டுக் கண்ணாடி பதித்து, அலுவலகக் கூடத்தில் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டச் சொன்னார். கீழே, எடுத்தவர் என்று இவர் பெயரும் இருந்தது. ஊரில் பாதி வீடுகளின் சுவர்களில் அவர் கை வேலை தொங்கினாலும், பெயர் போட்டது அதுதான் முதல் தடவை. மனைவி ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் போனார். "நம்ம குடும்பத்துல இத்தனை பேர் இவ்வளவு ஒழுங்கா என்னைக்கு நின்னிருக்காங்க?" என்று அங்கேயே கேட்டார். இன்ஜினியரே சிரித்துவிட்டார்.

மழை வந்து போனது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் பம்ப் ஆபரேட்டர் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். அந்த நேரத்தில் அவர் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டாக்டரே, ஒண்ணு கேக்கணும். கூடத்துல மாட்டியிருக்கிறது நம்ம குளத்துப் பிள்ளைங்கதானா?"

"அதுங்கதான். ஏன்?"

"அப்ப பொடிசு கழுத்துல இருந்த கோடு எங்க போச்சு?"

கண் டாக்டருக்கு முதலில் புரியவில்லை. ஆபரேட்டர் நின்றபடியே சொல்லி முடித்தார். பொடிசு கொஞ்ச நாளாகச் சரியாகத் தின்பதில்லை. மற்றவை விழுங்கும்போது அது மீனை வாயில் வைத்துக்கொண்டு முழிக்கிறது. கழுத்தில் ஏதோ சுற்றியிருக்கிறது. மழைக்கு முன்னாலேயே ஒரு கோடுபோல அவர் கண்ணில் பட்டிருந்தது. இப்போது அந்த இடம் பள்ளமாக இருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லி, அவர்களும் வந்தார்கள். வந்த அன்று நீர்நாய்கள் வெளியே வரவே இல்லை. அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது இன்ஜினியர் சுவரைக் காட்டினார். பாருங்கள், இது மழைக்கு முன்னால் எடுத்தது. மயிர் மயிராகத் தெரிகிறது. கழுத்தில் ஒன்றும் இல்லையே என்றார். வந்தவர்கள் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லைதான். வயதான மனிதர், தூரத்தில் பார்த்தது, ஈர மயிர் பிரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

"உங்க படத்தைக் காட்டி என் கண்ணு பொய்னுட்டாங்க," என்றார் ஆபரேட்டர். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அவர் போன பிறகு கண் டாக்டர் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தார். பொடிசின் கழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். மயிர் ஒழுங்காக, ஒரே போக்கில் படிந்திருந்தது. அப்படி ஒழுங்காகப் படிந்திருப்பது எதனால் என்று அவருக்குத்தானே தெரியும். அது அவர் பூசியது. அந்த இடத்தில் ஒரு வெளிறிய இழை ஓடியது அவருக்கு நினைவு வந்தது. நாணல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாரா, இல்லை எதுவுமே நினைக்கவில்லையா என்று மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்த ஒரு படத்தில் மட்டுமா? அதற்கு அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அதே இழை அதே இடத்தில் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கை போய் எடுத்திருக்கிறது. தேடிப் பார்த்தார். சரிசெய்யாத படம் ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனைவியிடம் சொன்னார். தான் அதைப் பார்க்கவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"பாக்காம எப்படிங்க அழிக்க முடியும்?"

மறுநாள் கடைக்குப் போகவில்லை. ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி ஒரு பெண்மணி. ஏற்கெனவே வந்து பார்த்தாயிற்றே என்று குடிநீர் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்கப்போக, இன்ஜினியரும் கிளம்பி வந்துவிட்டார். ஆக மூன்று பேர் எதிரிலும் அவர் சொல்ல வேண்டியதாயிற்று. கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்தை நம்பாதீர்கள் என்றார்.

இன்ஜினியர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப என் ஹால்ல தொங்குறது பொய்ப் படமா?"

"கழுத்து பொய் சார். கண்ணு, தலையெல்லாம் அதுங்களோடதுதான். ஆனா ஒரே நேரத்துல அப்படி நிக்கல. இடது பக்கத்துல மூணாவது தலை முந்தின வாரத்துது."

மேலதிகாரிகளை நிற்க வைத்து அந்தப் படத்தை இன்ஜினியர் எத்தனை முறை காட்டியிருக்கிறாரோ! அதிகாரி அம்மாள் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"இல்லாத சுத்தத்தைக் கொண்டு வரத் தெரிஞ்சவருக்கு, இல்லாத கோட்டைப் போடவும் தெரியும் இல்லையா? நான் எதை நம்பி ஆளுங்களையும் வலையையும் அனுப்புறது?"

நியாயமான கேள்வி. கூட்டத்துக்குள் வலை போட்டால் எல்லாமே மிரளும், குட்டிகள் மூச்சு முட்டிச் சாகவும் கூடும், சும்மா ஒரு சந்தேகத்துக்காக அதைச் செய்ய முடியாது என்று அவர் விளக்கினார். கடைசியில் ஒரு வழி சொன்னார். கழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம். கம்ப்யூட்டர் பக்கமே போகாமல், கேமராவோடு அப்படியே கொண்டுவர வேண்டும்.

விடியலில் கண் டாக்டர் நாணலுக்குள் மண்டி போட்டார். ஐந்து நீர்நாய்கள் சரிவில் ஏறின. எப்போதும் போல அவர் விரல், எல்லாம் சேர்ந்து நிமிரும் நேரத்துக்காகக் காத்தது. அதற்குள் அவை தண்ணீருக்குள் போய்விட்டன. பொடிசு எங்கே என்று தேடவே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. அடுத்த நாளும் ஏறக்குறைய அப்படித்தான். அது ஏறியது, ஆனால் பெரிசின் முதுகுக்குப் பின்னால். தனியாக ஒன்றைத் தொடர்ந்து பார்ப்பது எப்படி என்பதை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் கேமரா பிடிக்கத் தெரியாதவர்போல முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. மற்றவை விளையாடும், அழகாக நிமிரும், வெளிச்சம் அவற்றின் மேல் கொட்டும். அவர் அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பவில்லை.

பிறகு ஒருநாள் தூறல். முக்காலியைக் கேட் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார். பொடிசு கடைசியாக வந்தது. சரிவில் ஏறவில்லை. தண்ணீர் ஓரத்திலேயே முன்கால்களை ஊன்றி, தலையைத் தொங்கவிட்டு இருமியது. இருமும்போது மயிர் பிளந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. அவர் விரலை அழுத்தினார். பெரிசின் வால் குறுக்கே வந்தது. மறுபடி அழுத்தினார். அந்தப் படத்தில் பாதிக்கு நாணல். வானம் அழுக்கு நிறம். ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் பை. கழுத்து மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. சைக்கிளில் நனைந்துகொண்டே போய், அலுவலகம் திறப்பதற்கு முன்னால் வாசலில் நின்றார். கேமராவைச் சட்டைக்குள் வைத்திருந்தார். அதிகாரி வந்ததும், கேமராவின் பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். உடனே தொலைபேசியை எடுத்தார்.

வலை வைத்த நாளைப் பற்றிக் கண் டாக்டர் பிறகு யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. பெரிசு முதலில் சிக்கிக்கொண்டது. அது எழுப்பிய சத்தத்தில் மற்றவை திரும்பி வந்தன. ஓடவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் குளத்தில் வட்டமிட்டன. பெரிசை விடுவித்த பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு கரையோரம் ஒதுங்கிக் கிடந்த பொடிசைக் கைவலையால் அள்ளினார்கள். கால்நடை மருத்துவர் அங்கேயே ஊசி போட்டு மயக்கி, ஒரு சாக்கின் மேல் கிடத்தினார். கழுத்து மயிரை விலக்கி, சின்னக் கத்தரியை உள்ளே விட்டு, வெட்டி எடுத்ததைத் தரையில் போட்டார். வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. வளையமாக இருந்தது. குட்டி எப்போதோ தலையை நுழைத்திருக்கிறது; கழுத்து வளர்ந்தது, பட்டை வளரவில்லை.

ஆபரேட்டர் குனிந்து அதை எடுத்தார். தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகார மூட்டைகள் வரும். அவற்றைக் கட்டாகச் சேர்த்துப் போட்டிருக்கும் பட்டை அது. கத்தி தேடச் சோம்பல்பட்டு, பட்டையை வெட்டாமல் முழு வளையமாக உருவி எறிவது அவர் பழக்கம்.

"இது நான் போட்டது," என்றார்.

கண் டாக்டர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சமாதானம் சொல்லவோ சமமாகப் பங்கு பிரித்துக்கொள்ளவோ அங்கே எதுவும் இல்லை. மருத்துவர் கை கழுவத் தண்ணீர் கேட்டார். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

பொடிசு பல வாரங்கள் கால்நடை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. முதல் வாரம் பிழைக்குமா என்பதே சந்தேகம். மீனை அரைத்துக் குழாயில் ஊட்டினார்கள். ஆபரேட்டர் தினமும் வேலை முடிந்ததும் போய்க் கம்பிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். கண் டாக்டர் கடை விட்டதும் போவார். அது தேறத் தேற, இன்னொரு பயம் வந்தது. மருந்து வாடையோடு திரும்பிப் போகிற குட்டியைக் கூட்டம் சேர்த்துக்கொள்ளுமா? சேர்க்காவிட்டால் தனியாக அது ஒரு மாதம்கூடத் தாங்காது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில் இன்ஜினியர் கூடத்துப் படத்தைக் கழற்றவில்லை. கழற்றிவிடுங்கள் சார் என்று இவர் போய்க் கேட்டபோது, பார்க்கிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றார். இவர் வாதாடவில்லை. கீழே இருந்த தன் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அதை இன்ஜினியர் செய்தார்.

பொடிசைத் திரும்ப விட்ட காலையில் குளத்தில் யாரும் இல்லை. வலை வைத்த நாளிலிருந்து நீர்நாய்கள் மனித வாடை பட்டாலே வருவதில்லை. கூண்டைத் திறந்தார்கள். குட்டி வெளியே வந்து, சரிவை மோந்து, தண்ணீரில் இறங்கி விசில் அடித்தது. எந்தப் பக்கமிருந்தும் பதில் இல்லை. மறுபடி அடித்தது. அதிகாரி எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். நாம் நிற்கும்வரை அவை வர மாட்டா, போய்விடுவோம் என்றார். கேட்டைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தபோதும் அந்த விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. கண் டாக்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

மறுநாள் சரிவு காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும். ஆபரேட்டர் பம்ப் அறைக்குள்ளேயே அடைந்துகொண்டார். ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. மனித நடமாட்டம் இருந்தால் வராது என்று சொன்னார்களே, நான் நடமாடவே இல்லை என்றார். இவர் கேட்டுக்கு வெளியே, சாலையிலேயே நின்று, வெயில் ஏறிய பிறகுதான் உள்ளே போவார்.

இன்னொரு நாளும் அப்படித்தான் போனார். ஆபரேட்டர் சரிவின் மேல் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வர வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினார். கிட்டப் போனதும் புரிந்தது. மிதித்துவிடாதீர்கள் என்று காட்டியிருக்கிறார். சிமெண்டு முழுக்க ஈரக் கால் தடங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு விரித்த தடங்கள், ஒன்றின்மேல் ஒன்று, தண்ணீரிலிருந்து ஏறி, சுற்றி, புரண்டு, திரும்ப இறங்கிய தடங்கள். புரண்ட இடத்தில் மீன் செதில்கள் மின்னின. மேல்பக்கத் தடங்கள் வெயிலில் ஏற்கெனவே காயத் தொடங்கியிருந்தன.

கண் டாக்டர் மண்டி போட்டுக் கேமராவை எடுத்தார். பெரிய தடங்களைத் தாண்டி, ஓரம் ஓரமாகக் கண்ணை ஓட்டினார். ஆபரேட்டர் ஒரு இடத்தில் விரலை நீட்டினார். பெரிசின் அகன்ற தடத்தை ஒட்டி, அதில் பாதிகூட இல்லாத ஒரு தடம். அதற்கு முன்னால் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே தண்ணீருக்குள் இறங்கியிருந்தன.

"அதுதானே?" என்று ஆபரேட்டர் கேட்டார்.

"அதுதான்."

காய்வதற்குள் எடுக்க வேண்டும். அவர் மொத்தச் சரிவும் விழும்படி பின்னால் நகர்ந்து, ஆபரேட்டரின் நிழல் ஒரு மூலையில் விழுந்ததைப் பார்த்தார். தள்ளி நில்லுங்கள் என்று சொல்லவில்லை. அழுத்தினார்.